பேரேடும் தொப்புட்கொடியும்

2021 ஆம் ஆண்டின் இறுதியில் மேற்கிந்தியத் தீவுகளின் கிரிக்கெற் அணி இலங்கைக்கு வந்து காலி மைதானத்தில் இரு போட்டிகளில் ஆடியது. இரண்டாவது போட்டியில் இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர் ஒருவர் நம்மவர் ஐவரை ஒரே இன்னிங்ஸில் ஆட்டமிழக்கச் செய்தார். அவர் பெயர் வீரசாமி பெருமாள். அடுத்த நாள் என் தமிழ்ப் பாடவேளையில் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து, “சேர், பெருமாள் எப்பிடி அங்கை போய்ச் சேர்ந்தவர்?” என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேற்றப்பட்ட ஒப்பந்தக் கூலிகளைப் பற்றி நான் அறிந்திருந்த சிறிதளவைக் கூறினேன். மாணவர்கள் திருப்தியடைந்தனர்.

எனக்குத்தான் அன்றிரவு மனம் அமையவில்லை. பெருமாள் என்ற பெயருக்கு விளக்கம் கேட்ட வகுப்பு, அதே அணியில் ஆங்கிலப் பெயர் தாங்கி ஆடிய ஏனையோரைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று ஆசிரியனாகிய எனக்கும் தோன்றவில்லை. ஆபிரிக்காவின் வழிவந்த ஒருவன் ஆங்கிலேயனுடைய குடும்பப் பெயரைச் சுமந்து நிற்பதை இயற்கையின் நியதிபோல நாம் எல்லோரும் ஏற்றுக்கொண்டிருந்தோம். நூற்றைம்பது ஆண்டுக்கால ஆங்கில ஆட்சி நம் மூளையில் விட்டுச் சென்ற படிவுகளுள் இதுவும் ஒன்று போலும். அன்று கேட்கப்படாத அந்தக் கேள்வியின் பின்னே சென்று படித்தறிந்தவற்றையே இங்கு எழுத முற்படுகிறேன்.

தன் குடும்பத்தின் வரலாற்றை அறிய விரும்பும் யமேக்கப் பெண் ஒருத்தியை எண்ணிப் பார்ப்போம். தாய், பாட்டி, பாட்டியின் தாய் என்று அவள் பின்னோக்கிச் செல்கிறாள். யமேக்காவில் பிறப்பு இறப்புகளை அரசு பதியத் தொடங்கிய ஆண்டு 1878. அதற்கு முற்பட்ட காலத்துக்குத் தேவாலயங்களின் ஞானஸ்நானப் பதிவுகள் ஓரளவு துணைபுரியும். ஆயின் 1838 ஆம் ஆண்டை எட்டியதும் வழி அடைபட்டுப் போகிறது. பிரித்தானியக் குடியேற்றங்களில் அடிமைகள் முழு விடுதலை பெற்றது அவ்வாண்டு ஆகஸ்ட் முதலாந் திகதி. அத்திகதிக்கு அப்பால் அவளுடைய முன்னோர் சட்டத்தின் கண்ணில் குடும்பமாக இல்லை. ஒருவனுடைய உடைமையாக இருந்தனர். ஆகவே அதற்கு அப்பால் செல்ல விரும்புபவள் முதலிலே தேடவேண்டியது தன் பாட்டனின் பெயரையல்ல. பாட்டனை வைத்திருந்த துரையின் பெயரை. துரையின் சொத்துக் கணக்கைக் கண்டுபிடித்தால், அதற்குள்ளே அவளுடைய குடும்பம் இருக்கக்கூடும்.

அந்தச் சொத்துக் கணக்கு எவ்வாறு தோன்றியது? 1807 இல் பிரித்தானியப் பாராளுமன்றம் அடிமை வாணிபத்தைத் தடைசெய்தது. வாணிபந்தான் தடைசெய்யப்பட்டது, அடிமைமுறை தொடர்ந்தது. கள்ளமாகப் புதிய அடிமைகள் இறக்கப்படுவதைக் கண்டறிய, ஏற்கெனவே உள்ளவர்கள் யார் யார் என்று பதிய வேண்டியதாயிற்று. முதலில் திரினிடாட்டில் 1813 இல் பதிவு நடந்தது. 1817 தொடக்கம் ஏனைய தீவுகளிலும் நடந்தது. யமேக்காவில் மூன்றாண்டுக்கு ஒரு தடவை புதுப்பித்தார்கள். பெயர், பால், வயது, நிறம், ஆபிரிக்காவில் பிறந்தவரா தீவில் பிறந்தவரா என்பவை பத்திகளாக எழுதப்பட்டன. திரினிடாட்டுப் பதிவில் உயரமும் உடலடையாளங்களுங்கூட உண்டு. பிரதிகள் இலண்டனுக்கு அனுப்பப்பட்டன. இன்று அவை கியூவிலுள்ள பிரித்தானியத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

இப்பேரேடுகளில் இரண்டு விடயங்கள் என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தன. மூன்றாண்டுக்கொரு முறை எழுதப்பட்ட கணக்கிலே இரு தலைப்புகள் இருந்தன. ஒன்று ‘கூடுதல்’, மற்றொன்று ‘குறைதல்’. குழந்தை பிறந்தால் அது கூடுதல். விலைக்கு வாங்கப்பட்டவனும் கூடுதல். செத்தவள் குறைதல், விற்கப்பட்டவள் குறைதல், விடுதலை பெற்றவளும் குறைதலே. ஒரு தாய்க்குத் தன் பிள்ளை இறந்த துயரமும், இன்னொருத்திக்குத் தன் மகள் விடுதலையான மகிழ்ச்சியும் ஒரே பத்தியில் ஒரே மையினால் எழுதப்பட்டிருக்கின்றன. கணக்கெழுதியவன் கொடியவனாக இருந்திருக்க வேண்டியதில்லை. நேர்மையான கணக்கப்பிள்ளையாகவே இருந்திருக்கலாம். மனிதனைப் பண்டமாக்கும் ஒரு பொருளாதார முறைக்குத் தனிமனிதரின் கொடுமை எப்போதும் தேவைப்படுவதில்லை. ஒழுங்காகக் கோடிட்ட கொப்பி ஒன்று போதும்.

மற்றைய விடயம் தாயின் பெயர். யமேக்கப் பதிவுகளில் பிள்ளையின் பெயருக்கு எதிரே பெரும்பாலும் தாயின் பெயர் குறிக்கப்பட்டிருக்கும். தந்தைக்கு இடமில்லை. இது பெண்ணுக்குக் கொடுத்த மதிப்பன்று. அடிமைப் பெண்ணின் பிள்ளை அவளுடைய சொந்தக்காரனுக்கே உரியது என்பது சட்டம். பசுவின் கன்று யாருக்குரியது என்று தீர்மானிக்கும் அதே நியாயம். தந்தை துரையாக இருந்தாலும், கண்காணியாக இருந்தாலும், பக்கத்துத் தோட்டத்து அடிமையாக இருந்தாலும் கணக்குக்கு வேறுபாடில்லை. யமேக்காவில் வருடாவருடம் அச்சிடப்பட்ட பஞ்சாங்கங்களிலே தோட்டச் சொந்தக்காரரின் பெயருக்கு எதிரே அடிமைகள் இத்தனை, கால்நடைகள் இத்தனை என்று இரண்டு இலக்கங்கள் பக்கம்பக்கமாக நிற்பதைக் காணலாம்.

அடிமைத் தாய் இதை எவ்வாறு உணர்ந்தாள் என்று பேரேடு சொல்லாது. அதைச் சொன்னவர் மிகச் சிலரே. பெர்முடாவில் அடிமையாகப் பிறந்து, உப்பளங்களில் உழைத்து, அன்ரிகுவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, கடைசியில் இலண்டனை அடைந்த மேரி பிரின்ஸ் என்ற பெண் தன் வரலாற்றைச் சொல்ல, அது 1831 இல் அங்கே நூலாக வெளிவந்தது. தன்னையும் தன் தங்கையரையும் தாயே சந்தைக்கு அழைத்துச் செல்ல நேர்ந்ததையும், பிள்ளைகள் ஒவ்வொருவரும் வெவ்வேறு கைகளுக்கு விற்கப்பட்டதையும் அதில் அவர் கூறியிருக்கிறார். பேரேட்டில் இந்த நாள் ஒரு வீட்டுக்குக் குறைதல், மூன்று வீடுகளுக்குக் கூடுதல்.

பிரித்தானியருக்குட்பட்ட கரிபியன் தீவுகளில் உயிருடன் இறக்கப்பட்ட ஆபிரிக்கர் ஏறத்தாழ 23 இலட்சம் பேர் என்று ஆய்வாளர் கணித்துள்ளனர். விடுதலையின்போது அத்தீவுகளில் எஞ்சியிருந்த அடிமைகளோ ஏழு இலட்சத்துக்கும் குறைவு. பிறந்த பிள்ளைகளையும் சேர்த்தே இந்தத் தொகை. கரும்பு வெட்டும் காலத்தில் இரவும் பகலும் ஓடிய ஆலைகளும் கொதிகலன் அறைகளும் மனிதரை எவ்வாறு தின்றன என்பதை இவ்விரு எண்களும் காட்டும். அந்த இலாபத்துக்கும் இங்கிலாந்தின் கைத்தொழில் எழுச்சிக்கும் உள்ள தொடர்பைத் திரினிடாட்டின் எரிக் வில்லியம்ஸ் 1944 இலேயே நூலாக எழுதினார். நம்மில் பலர் அதைப் படித்திருப்போம். நான் இங்கே சொல்ல வந்தது, அந்த ஆலைக்குள் குடும்பம் என்ற ஒன்று என்ன ஆயிற்று என்பதை.

பெயரில் தொடங்குவோம். மேற்காபிரிக்காவின் அக்கான் மக்களிடையே பிறந்த கிழமையின் பெயரைப் பிள்ளைக்கு இடுவது வழக்கம். வெள்ளிக்கிழமை பிறந்த ஆண் கோபி. ஐ. நா. சபையின் செயலாளர் நாயகமாக இருந்த கானா நாட்டவரின் பெயரால் அதை நாம் அறிவோம். ஞாயிறு பிறந்தவன் குவாசி. திங்கள் பிறந்தவன் கோஜோ. இப்பெயர்கள் யமேக்கக் கணக்கேடுகளில் கபி, குவாஷி, கஜோ என்று உருமாறிக் கிடக்கின்றன. அவற்றோடு சீசர், பொம்பே, வீனஸ் என்ற பெயர்களும், பிரிஸ்டல், இலண்டன் என்று ஊர்களின் பெயர்களும் வருகின்றன. நாய்க்கும் குதிரைக்கும் வேடிக்கையாகப் பெயரிடும் மனநிலை அது. ‘குவாஷி’ என்ற பெயரைத் துரைமார் மூடன், சோம்பேறி என்ற பொருளில் வழங்கினார்கள். ஆயினும் பெயர்களின் கதை அத்துடன் முடியவில்லை. யமேக்காவின் மலைகளுக்குத் தப்பியோடிய மரூன் மக்களின் தலைவன் கஜோவுடன் ஆங்கிலேயர் 1739 இல் உடன்படிக்கை செய்ய வேண்டியதாயிற்று. இன்றைய கயானாவிலுள்ள பேர்பிஸில் 1763 இல் ஒல்லாந்தருக்கு எதிராக எழுந்த அடிமைகளின் தலைவன் கபி. 1970 இல் கயானா குடியரசானபோது, அந்தக் கிளர்ச்சி வெடித்த பெப்ரவரி 23 ஆந் திகதியையே அதற்கெனத் தேர்ந்துகொண்டார்கள்.

ஆங்கிலக் குடும்பப் பெயர்கள் பெரும்பாலும் ஞானஸ்நானத்தின்போதும் விடுதலைக் காலத்திலும் வந்து ஒட்டிக்கொண்டவை. பேரேட்டில் ஒரே ஆளுக்குப் பழைய பெயரும் புதிய கிறித்தவப் பெயரும் அடுத்தடுத்து எழுதப்பட்டிருப்பதுண்டு. தலைமுறைகளைத் தொடுக்க முயல்வோர்க்கு அந்த ஒற்றை வரியே பாலம். எல்லோரும் தம் துரையின் பெயரையே எடுத்துக்கொண்டனர் என்று கொள்வது தவறு. சிலர் கண்காணியின் பெயரை, சிலர் பாதிரியாரின் பெயரை, சிலர் முந்திய துரை ஒருவனின் பெயரை ஏற்றனர். ஆகவே பெயரை மட்டும் வைத்து இரத்த உறவை முடிவுசெய்ய இயலாது. இன்று பணம் கட்டி எச்சிலை ஒரு குப்பியில் அனுப்பினால், ‘நீ நைஜீரியா இத்தனை வீதம், கானா இத்தனை வீதம்’ என்று விடைதரும் கம்பனிகள் உள்ளன. அடிமைக் கப்பல் புறப்பட்ட காலத்தில் அந்த நாடுகளோ எல்லைகளோ இருக்கவில்லை. எனினும் பணம் கட்டுவோரை நான் ஏளனம் செய்யமாட்டேன். திருடப்பட்ட பொருளைத் தேடுபவன் எந்தக் கடையிலும் ஏறிப் பார்ப்பான்.

சொந்தக்காரரின் குடும்பங்களுக்கு இவ்விதத் தேட்டம் வேண்டியிருக்கவில்லை. 1833 இல் அடிமைமுறையை ஒழிக்கச் சட்டமியற்றிய பாராளுமன்றம், நட்டஈடாக 2 கோடி பவுண் ஒதுக்கியது. நட்டஈடு அடிமைகளுக்கன்று, அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு. விடுவிக்கப்பட்டவர்களுக்கு ஒரு சதமும் இல்லை. அதற்கும் மேலாக, பயிலுநர் என்ற பெயரில் மேலும் நான்காண்டு அவர்கள் கூலியின்றி உழைக்க வைக்கப்பட்டனர். இந்த நட்டஈட்டுக்காகப் பட்ட கடனின் கடைசிப் பகுதியைப் பிரித்தானிய அரசு 2015 இல்தான் தீர்த்தது. அவ்வாறாயின், 1948 இன் பின் கரிபியன் தீவுகளிலிருந்து இங்கிலாந்து சென்று பஸ் ஓட்டியும் வைத்தியசாலைகளில் பணிபுரிந்தும் வரி கட்டிய மக்கள், தம் பாட்டன்மாரை வைத்திருந்த துரைமாருக்கான நட்டஈட்டையும் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆய்வாளர்கள் இந்த நட்டஈட்டுக் கணக்குகளைத் தொகுத்து 2013 இல் எல்லோரும் பார்க்கத் திறந்துவிட்டனர். கரிபியன் குடும்பங்கள் பல தம் முன்னோரைத் தேடும் வழியில் இன்று முதலில் தட்டும் கதவு அதுவே.

அந்தக் கணக்கில் பெருந்தொகை பெற்றவர்களுள் ஒருவர் ஜோன் கிளாட்ஸ்டன். பிற்காலத்தில் நான்கு முறை பிரதமராக இருந்தவரின் தந்தை. சுமார் 2,500 அடிமைகளுக்காக ஒரு இலட்சம் பவுணுக்கு மேல் பெற்றார். விடுதலையின் பின் தம் கயானாத் தோட்டங்களில் யார் உழைப்பார்கள் என்று கவலைப்பட்டு, இந்தியாவிலிருந்து கூலிகளை இறக்குமதி செய்ய ஏற்பாடு செய்தவரும் அவரே. 1838 மே மாதம் இரு கப்பல்களில் வந்திறங்கிய முதலாவது கூட்டம் கிட்டத்தட்ட நானூறு பேர். ஒரே மனிதரின் கணக்குப் புத்தகத்தில் அடிமையின் பக்கம் முடிந்து கூலியின் பக்கம் தொடங்குவதை இங்கே காண்கிறோம். 2023 இல் அவருடைய வழித்தோன்றல்கள் கயானாவுக்குச் சென்று பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டனர். தம் மூதாதை யார், எத்தனை பேரை வைத்திருந்தார் என்பதை அறிய அவர்களுக்கு எந்தத் தடையும் இருந்ததில்லை. செல்வத்துக்கு நினைவாற்றல் அதிகம்.

இதுவரை பேரேட்டைப் பற்றியே பேசினேன். ஆனால் மக்கள் தம்மைப் பற்றித் தாமே வைத்திருந்த பதிவும் உண்டு. கல்வியாளர்கள் அதைக் காணத் தொடங்கியது மிகப் பிந்தியே. என் கருத்தில் கரிபியன் வரலாற்றின் மிகச் செழிப்பான பகுதி இதுதான்.

விடுதலை கிடைத்ததும் துரைமார் ஒரு தந்திரம் செய்தனர். அடிமைகள் தாமே கட்டி வாழ்ந்த குடிசைகளுக்கும், தாமே பண்படுத்திய தோட்டத் துண்டுகளுக்கும் வாடகை கேட்டனர். கொடுத்த கூலி வாடகையாகத் திரும்பி வரவேண்டும் என்பது திட்டம். மலையகத் தோட்டங்களின் அரிசிக் கணக்கையும் பெரட்டுக் களத்தையும் அறிந்தோர்க்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. மக்கள் அதற்கு அளித்த பதில் காணி வாங்குவது. கயானாவில் 1839 நவம்பரில் 83 பேர் கூடித் தம் சேமிப்பைத் திரட்டி, கைவிடப்பட்ட நோர்த்புறூக் தோட்டத்தை 30,000 கில்டருக்கு வாங்கினார்கள். பணத்தைச் சில்லறையாகத் தள்ளுவண்டிகளில் ஏற்றிக்கொண்டு போனார்கள் என்று இன்றும் சொல்கிறார்கள். அந்த ஊரின் பெயர் விக்டோரியா. அடிமைகளாக இருந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் கிழங்கும் கோழியும் விற்றுச் சேர்த்த நாணயங்கள் அவை. அந்தக் கயானாக் கரையே கடல்மட்டத்துக்குக் கீழ்ப்பட்ட சேற்று நிலம். அணைகளும் வாய்க்கால்களும் அமைக்க அடிமைகள் மண்வெட்டியால் வெட்டியள்ளிய சேறு 10 கோடி தொன் என்பதை வோல்ற்றர் றொட்னி தம் நூலில் எடுத்துக்காட்டியிருக்கிறார். 1980 இல் குண்டுவைத்துக் கொல்லப்பட்ட அந்த வரலாற்றாசிரியரின் நூல் அடுத்த ஆண்டு வெளிவந்தது. பெயர் தெரியாத முன்னோரின் கையெழுத்து எங்கே என்று கேட்பவர்களுக்கு அவர் காட்டிய இடம் அந்த அணைக்கட்டு.

யமேக்காவில் இவ்வாறு வாங்கிய காணிகள் ‘குடும்பக் காணி’ ஆயின. எடித் கிளார்க் என்ற யமேக்க ஆய்வாளர் 1950களில் இதை விரிவாக எழுதினார். முதலில் வாங்கியவருடைய வழிவந்தோர் அனைவருக்கும், ஆண் பெண் வேறுபாடின்றி, தாய்வழி தந்தைவழி வேறுபாடின்றி, அதில் உரிமை உண்டு. அதைத் துண்டாடவும் கூடாது, விற்கவும் கூடாது. இலண்டனுக்கோ நியூயோர்க்குக்கோ போனவனுக்கும் ஒரு வீடு கட்டும் உரிமையும் ஒரு பலாப்பழம் பறிக்கும் உரிமையும் அங்கே காத்திருக்கும். நமது முதுசத்தைப் போன்றதெனச் சொல்லலாம் என்று முதலில் நினைத்தேன். ஆனால் முதுசம் உறுதி எழுதிப் பங்கிடப்படுவது; வேலிக்காக வழக்காடப்படுவது. அவர்களுடையது எழுதப்படாதது. உறுதியும் முத்திரையும் துரையின் கையில் இருந்த காலத்தில் எழுத்துக்கு வெளியே அமைத்துக்கொண்ட சட்டம் அது. முன்னோரை அந்தக் காணியிலேயே புதைத்தார்கள். ஆகவே கல்லறைகளே குடும்ப மரம்.

பிறந்த குழந்தையின் தொப்புட்கொடியையும் அங்கேயே புதைத்து, அதன்மேல் ஒரு தென்னையோ பலாவோ நட்டார்கள். அந்த மரம் அந்தப் பிள்ளைக்குரியது. தன் சொந்த ஊரைக் குறிப்பிட விரும்பும் யமேக்கர், ‘என் தொப்புட்கொடி புதைந்த இடம்’ என்பர். பேரேட்டிலே தாயின் பெயர் சொத்துரிமையின் அடையாளமாக நின்றது என்று முன்னர் பார்த்தோம். அதே தாயையும் பிள்ளையையும் பிணைத்த கொடியை மக்கள் தம் சொந்த மண்ணுக்கு உறுதியாக எழுதிக்கொண்டார்கள். யாருக்கு உடைமை என்ற கேள்விக்குப் பேரேடு தந்த விடையை இந்த வழக்கம் தலைகீழாக்கிவிட்டது.

கிறெனடாவுக்கு வடக்கே கறியாக்கோ என்றொரு சிறு தீவு. அங்கே பெரிய மேளம் என்றொரு சடங்கு நடைபெறும். வீடு கட்டும்போதும், முன்னோருக்குக் கல்லறைக்கல் நாட்டும்போதும், கனவிலே மூதாதை தோன்றிக் கேட்டாலும் அதைச் செய்வார்கள். முதலில் முன்னோரிடம் பிழைபொறுக்கக் கேட்கும் பாடல்கள். பின்பு ஒவ்வோர் இனத்துக்கும் தனித்தனித் தாளம்: குறொமாந்தி, இக்போ, மண்டிங், கொங்கோ, அறாடா என்று. இன்ன தாளம் ஒலித்தால் இன்ன குடும்பத்தார் எழுந்து ஆடவேண்டும். இவ்வாறு பேரேடு ‘ஆபிரிக்கர்’ என்ற ஒற்றைச் சொல்லில் மூடிவிட்டதை, எழுத்தறிவு மறுக்கப்பட்ட மக்கள் கால்களிலே வைத்துக் காத்தனர். இதைக் கிராமிய மூடநம்பிக்கை என்று ஒதுக்கும் முற்போக்கு நண்பர்கள் சிலர் உள்ளனர். அவர்களோடு நான் உடன்படேன். எழுதுகோல் எதிரியின் கையில் இருக்கும்போது மக்கள் எதைக்கொண்டு எழுதுவார்கள்?

வீரசாமி பெருமாளிடம் திரும்புவோம். 1838 முதல் 1917 வரை பிரித்தானிய கயானாவுக்கு மட்டும் சுமார் 2,39,000 இந்தியர் கொண்டுசெல்லப்பட்டனர். மிகப் பெரும்பாலோர் கல்கத்தாவிலிருந்து கப்பலேறிய வட இந்தியர். சென்னைத் துறைமுகத்தால் சென்றவர்கள் ஒரு சிறு பகுதியினர். அவர்களை அங்கே ‘மதராசி’ என்றார்கள். பிரெஞ்சுக்காரர் புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து 1853 முதல் மார்த்தினிக்குக்கும் 1854 முதல் குவாதலூப்புக்கும் ஆட்களை ஏற்றினர். முன்னையதற்கு ஏறத்தாழ 25,000 பேர், பின்னையதற்கு 42,000 பேர். அவர்களுள் பெரும்பகுதியினர் தமிழர்.

ஒப்பந்தக் கூலியின் கடவுச்சீட்டில் தந்தையின் பெயர் உண்டு. ஊர், மாவட்டம், சாதி, உயரம், தழும்பு எல்லாம் உண்டு. இவ்வகையில் பெருமாளின் வழியினர் தம் அணித் தோழர்களைவிடப் பாக்கியசாலிகள். கடல் கடந்து ஓர் ஊரின் பெயருக்குப் போய்ச் சேரமுடியும். ஆனால் தமிழனுக்குக் குடும்பப் பெயர் இல்லை. கங்காணி கூப்பிட்ட ஒற்றைப் பெயரைக் கந்தோர் எழுத்தன் தன் காதுக்குக் கேட்டபடி எழுதினான். அந்த ஒருவனுடைய பெயர் அப்படியே உறைந்து, பரம்பரைக்கெல்லாம் குடும்பப் பெயராயிற்று. குவாதலூப்பில் முத்துசாமிகளும் ராமசாமிகளும் குடும்பங்களாக இருக்கிறார்கள். மொழி போய்விட்டது. மாரியம்மன் மார்த்தினிக்கில் ‘மாலியெமென்’ ஆனாள். மதுரைவீரன் ‘மால்டெவிலென்’ ஆனான். கயானாவின் காளி கோயில்களில் தப்பு இன்றும் ஒலிக்கிறது. ஆபிரிக்க வழியினரும் அங்கே வந்து வணங்குகிறார்கள். தமிழ் எங்கும் வாழ்கிறது என்று மேடையிலே மார்தட்டுவோருக்கு இது உவப்பாயிராது. அங்கே வாழ்வது தமிழன்று; தமிழரின் வழிவந்த கரிபியன் மக்கள்.

அவர்களுள் ஒருவரைப் பற்றிக் கூறியே ஆகவேண்டும். குவாதலூப்பில் 1863 இல் பிறந்த ஹென்றி சிதம்பரம் இந்தியப் பெற்றோரின் மகன். அங்கே பிறந்த இந்தியப் பிள்ளைகள் பிரெஞ்சுப் பிரசைகள் அல்லர் என்று கூறி, அவர்களை வாக்காளர் இடாப்பில் சேர்க்க அதிகாரிகள் 1904 இல் மறுத்தபோது வழக்காடத் தொடங்கினார். 1923 வரை விடவில்லை. அவ்வாண்டிற்றான் அவர்களுக்குப் பிரசாவுரிமை ஏற்கப்பட்டது. பத்தொன்பது ஆண்டு வழக்காடிய அம்மனிதரின் பெயரை நமது பாடநூல் எதிலும் நான் கண்டதில்லை.

பிரசாவுரிமை என்றதும் நம் நினைவுக்கு வரும் ஆண்டு 1948. அதே ஆண்டு யூன் 22 ஆந் திகதி எம்பயர் விண்ட்ரஷ் என்ற கப்பலிலிருந்து பல நூறு கரிபியன் மக்கள் இலண்டனுக்கு அண்மையில் இறங்கினர். போரில் நொறுங்கிய இங்கிலாந்துக்கு உழைப்பாளர் வேண்டியிருந்தது. அவ்வாண்டுச் சட்டமும் அவர்களைச் சமமான பிரசைகள் என்றது. அவர்களுக்குப் பின் பல ஆண்டுகளாக வந்தவர்களுள் சிறுவரும் இருந்தனர். பலர் பெற்றோரின் கடவுச்சீட்டில் வந்தவர்கள். 2012 இன் பின் அரசின் கொள்கை மாறியது. வேலை தருபவனும், வீடு தருபவனும், வங்கியும், வைத்தியசாலையும் பத்திரம் கேட்க வேண்டும் என்றாயிற்று. ஐம்பது ஆண்டு அங்கே வாழ்ந்து முதுமையடைந்தவர்கள் வேலையிழந்தனர், சிகிச்சை மறுக்கப்பட்டனர், சிலர் சிறுவயதில் விட்டுப்போன தீவுகளுக்கு நாடுகடத்தப்பட்டனர். 2018 இல் இது வெளிப்பட்டு உள்நாட்டமைச்சர் பதவி விலகினார். அப்போதுதான் இன்னோர் உண்மையும் தெரியவந்தது: அவர்கள் வந்திறங்கிய திகதியைக் காட்டக்கூடிய இறங்குதுறைச் சீட்டுகளை அதே உள்நாட்டமைச்சு 2010 இல் அழித்துவிட்டிருந்தது.

அதற்கு முந்திய ஆண்டு, 2009 இல், கரிபியன் அடிமைப் பேரேடுகள் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன. 1817 இல் ஒருவன் யாருடைய உடைமை என்று காட்டும் ஏடு உலகச் செல்வமாகக் காக்கப்படுகிறது. அவனுடைய பேரனின் பேத்தி சுதந்திரப் பிரசையாக நாட்டினுள் நுழைந்ததைக் காட்டும் சீட்டு இடமடைக்கிறது என்று அழிக்கப்படுகிறது.

இலங்கையிலும் 1948 இல் நிறைவேறிய சட்டம், தந்தை இங்கே பிறந்தார் என்றோ, இன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்கள் என்றோ காட்டுமாறு மலையகத் தோட்டத் தொழிலாளரைக் கேட்டது. பிறப்புப் பதிவே ஒழுங்காக நடவாத லயங்களில் வாழ்ந்தோரிடம் மூன்று தலைமுறைக்குப் பத்திரம் கேட்கப்பட்டது. அதன் விளைவுகளைத் தீர்க்கும் சட்டங்கள் 2003 வரை நீண்டன. யமேக்கப் பேரேட்டில் தந்தைக்கு இடமில்லை. நமது சட்டத்தில் தாய்க்கு இடமில்லை.

இவ்வளவையும் படித்துக்கொண்டு போகையில் எதிர்பாராத ஓரிடத்தில் எங்கள் ஊரே வந்து நின்றது. கியூவில் யமேக்கா, திரினிடாட், பார்படோஸ் பேரேடுகள் உள்ள அதே ஆவணத் தொகுதியிலே, இலங்கையின் அடிமைப் பதிவேடுகளும் இருக்கின்றன. 1818 இன் ஒழுங்குவிதிப்படி தொடங்கியவை. 1707 இல் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமையிலேயே அடிமைகளைப் பற்றி ஒரு பகுதி உண்டு. கோவியர், நளவர், பள்ளர் என்று சாதிப்பெயராலேயே ஆங்கிலேயச் சட்டமும் அவர்களைச் சுட்டியது. பதிவித்தவர்கள் வெள்ளைத் துரைமாரல்லர். யாழ்ப்பாணத்து உடையவர்கள், தமிழ்ப் பெயர் தாங்கியவர்கள். இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1844 இல். மாவிட்டபுரம் கோயில் வாசலில் 1968 இல் மக்கள் நின்றது அதற்கு 124 ஆண்டுகளின் பின்.

கரிபியன் தீவில் ஒருவர், ‘என் பாட்டியின் பாட்டி அடிமை, இதோ அவள் பெயர்’ என்று கண்ணீரோடும் பெருமையோடும் சொல்லுகிறார். தன் மூதாதை அடிமைகளை வைத்திருந்தார் என்று இன்னொருவர் வந்து மன்னிப்புக் கேட்கிறார். யாழ்ப்பாணத்தில் இவ்விருவரையும் நான் கண்டதில்லை. இரு பக்கத்துக் குடும்பங்களும் இங்கேதான் இருக்கின்றன. ஒரே வகுப்பறையில், சில வேளை ஒரே வாங்கிலும் இருக்கின்றன.

வீரசாமி பெருமாளைப் பற்றிய வினாவுக்கு நான் கொடுத்த விடை போதாது என்று கூறி, அடுத்த தவணையில் ஒரு பாடவேளை முழுவதும் இவற்றைச் சொன்னேன். கப்பலைப் பற்றியும் தொப்புட்கொடியைப் பற்றியும் நிறையக் கேள்விகள் வந்தன. யாழ்ப்பாணத்துப் பதிவேட்டைப் பற்றிச் சொன்னபோது எவரும் எதுவும் கேட்கவில்லை. பின்வரிசையில் யாரோ புத்தகத்தை மூடிய ஓசை கேட்டது. இரண்டு நாள் கழித்து ஒரு மாணவி ஆசிரியர் அறை வாசலில் வந்து தயங்கி நின்று, அந்தப் பதிவேட்டைப் பார்க்க எங்கே எழுதிக் கேட்கவேண்டும் என்று வினவினாள். அவற்றின் படிமங்களை இணையத்திலும் பார்க்கலாம் என்று கூறி, தொகுதியின் இலக்கத்தை ஒரு துண்டிலே எழுதிக் கொடுத்தேன். அவள் அதை நான்காக மடித்துப் பென்சிற் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு போனாள்.